எட்டு விழுக்காட்டின் மீது கட்டிய வீடு: கைமாறிய சப்வேயும் அதன் கடைக்காரர்களும்

1. இரண்டு விலைகள்

2024 ஏப்ரல் 30 அன்று சப்வே என்ற அமெரிக்கச் சாண்ட்விச் நிறுவனம் அட்லாண்டாவைச் சேர்ந்த ரோர்க் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் இரண்டு குடும்பங்களிடம் மட்டுமே இருந்த சொத்து அது. இரு தரப்பும் விலையை வெளியிடவில்லை. அது 955 கோடி டாலரைச் சுற்றி இருக்கும் என்றும், அதில் ஒரு பகுதி பின்வரும் ஆண்டுகளின் பண வரவு ஒப்புக்கொண்ட அளவை எட்டினால்தான் விற்றவர்களுக்குக் கிடைக்கும் என்றும் வணிகப் பத்திரிகைகள் எழுதின.

அதே ஆண்டு நவம்பரில், ஜெர்சி மைக்ஸ் என்ற மற்றொரு சாண்ட்விச் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கடனையும் சேர்த்து அந்த நிறுவனத்துக்குப் போடப்பட்ட மதிப்பு 800 கோடி டாலர். ஜெர்சி மைக்ஸுக்கு அப்போது 3,000 கடைகள்தான் இருந்தன. சப்வேக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் 37,000 கடைகள். கடைக் கணக்கில் வகுத்தால் சப்வேயின் ஒரு கடைக்குச் சுமார் 2.6 லட்சம் டாலரும், ஜெர்சி மைக்ஸின் ஒரு கடைக்கு அதைப் போல் பத்து மடங்கும் விலை வைக்கப்பட்டிருக்கிறது.

கடைகள் இந்த நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. வாங்குபவர் வாங்குவது, கடைக்காரர்கள் தம் விற்பனையிலிருந்து வாராவாரம் செலுத்தும் ராயல்டியை. அமெரிக்காவில் அப்போது ஒரு சப்வே கடையின் சராசரி ஆண்டு விற்பனை சுமார் 4.9 லட்சம் டாலர். ஜெர்சி மைக்ஸ் கடையில் அது 13 லட்சம். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை இது விளக்கும். மீதியை விளக்க, இரு நிறுவனங்களின் வருங்காலம் பற்றிச் சந்தை என்ன எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று வளரும் என்றும் மற்றொன்று தேயும் என்றும் வாங்கியவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.

புதிய உரிமையாளரால் சப்வேயை மீட்க முடியுமா என்றே பெரும்பாலான எழுத்துகள் கேட்கின்றன. இக்கட்டுரை அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறது. மீட்பதென்றால் எதை? தலைமை நிறுவனத்தின் ராயல்டி வரவையா, கடைக்காரரின் லாபத்தையா? இரண்டும் ஒன்றல்ல. சப்வேயின் வரலாறு முழுக்க இவை இரண்டும் எதிரெதிராகவே இழுத்திருக்கின்றன. ரோர்க் இதை வாங்கிய விதமும், வாங்கியபின் திரட்டிய கடனும் அந்த இழுபறியை இன்னும் இறுக்கியிருக்கின்றன என்பது என் வாதம்.

2. கடை திறப்பது எளிது

1965 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் 17 வயது ஃப்ரெட் டெலூக்கா ஒரு சாண்ட்விச் கடை திறந்தார். கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடிய அவருக்கு, குடும்ப நண்பரும் அணு இயற்பியலாளருமான பீட்டர் பக் 1,000 டாலர் கொடுத்துக் கூட்டாளியானார். 'பீட்ஸ் சூப்பர் சப்மரீன்ஸ்' என்று தொடங்கிய கடை பிறகு சப்வே ஆனது. 1974 முதல் மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்கும் ஃபிரான்சைஸ் முறைக்கு மாறினார்கள்.

அந்த முறை பரவியதற்கு முதன்மையான காரணம் சமையலறையில் இருந்தது. சப்வே கடையில் எண்ணெய்ச் சட்டி இல்லை, புகைபோக்கி வேண்டாம், அடுப்பென்று சொல்ல பிரெட் சுடும் மின்அடுப்பு மட்டுமே. ஆகவே மற்ற உணவகங்கள் நுழைய முடியாத இடங்களிலும் அது நுழைந்தது. பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, வால்மார்ட்டின் மூலை, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் ஒரு தேவாலயம் எனக் கடைகள் முளைத்தன. புதிய உலக வர்த்தக மையக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தபோது, கட்டடத் தொழிலாளர்களுக்காகக் கன்டெய்னர் பெட்டிக்குள் அமைந்த சப்வே கடை ஒன்றைத் தளத்தோடு தளமாக மேலே ஏற்றிக்கொண்டே போனார்கள்.

உரிமக் கட்டணமும் நீண்ட காலம் 15,000 டாலர்தான். மெக்டொனால்ட்ஸ் கடை எடுக்க வேண்டிய முதலீட்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. கையில் கொஞ்சம் சேமிப்பும் உழைக்க ஒரு குடும்பமும் இருந்தால் போதும் என்பதால், அண்மையில் குடியேறியவர்கள், குறிப்பாகத் தெற்காசியர்கள், பெருமளவில் இதற்குள் வந்தார்கள். கணவன் பிரெட் சுட, மனைவி கல்லாவில் இருக்க, பள்ளி விட்டு வந்த பிள்ளை மேசை துடைக்கும் கடை பல ஊர்களில் சப்வேயின் உண்மையான முகமாக இருந்தது.

உள்ளே வருவது மலிவு. உள்ளே இருப்பது மலிவல்ல. விற்பனையில் 8 விழுக்காடு ராயல்டி, 4.5 விழுக்காடு விளம்பர நிதி. மெக்டொனால்ட்ஸின் ராயல்டி பல பத்தாண்டுகள் 4 விழுக்காடாக இருந்து, 2024 முதல் அமெரிக்காவின் புதிய கடைகளுக்கு மட்டும் 5 ஆனது. அங்கே கட்டட வாடகை தனி என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் குறைந்த விற்பனையுள்ள கடையிலிருந்து கூடுதல் விகிதம் எடுக்கும் ஏற்பாடு சப்வேயுடையது. லாபத்திலிருந்து அல்ல, மொத்த விற்பனையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடை நட்டத்தில் ஓடினாலும் எட்டு விழுக்காடு போய்க்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு நடுவில் 'வளர்ச்சி முகவர்' என்ற ஓர் அடுக்கும் இருந்தது. வட்டாரத்துக்கு ஒருவர். புதிய கடைகளுக்கு ஆள் பிடிப்பது அவர் வேலை. அந்த வட்டார ராயல்டியில் ஒரு பங்கு அவருக்கு. கடைகளைச் சோதித்துக் குறை எழுதும் அதிகாரமும் அவரிடமே. பல முகவர்கள் தாமே கடைகளும் வைத்திருந்தார்கள். போட்டிக் கடைக்காரரே சோதனை அதிகாரியாகவும் வந்த இந்த அமைப்பு எப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பதை 2019இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், அமெரிக்கக் கீழவையின் சிறுதொழில் குழுவில் பணியாற்றிய பொருளியலாளர் ஒருவர் ஃபிரான்சைஸ் துறையின் மிகப் பெரிய சிக்கலாகச் சப்வேயைச் சுட்டியிருந்தார். எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை.

2002இல் அமெரிக்கக் கடை எண்ணிக்கையில் சப்வே மெக்டொனால்ட்ஸைத் தாண்டியது. 2015இல் 27,000ஐக் கடந்து உச்சத்தில் நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் டெலூக்கா இறந்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் சரிவுதான். 2023 முடிவில் 20,133. 2024 முடிவில் 19,502.

3. சரிவுக்குச் சொல்லப்படும் காரணங்கள்

மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, பெயர் மங்கிப்போனது என்பது. விளம்பர முகமாக வைத்திருந்த மனிதர் 2015இல் சிறார் மீதான குற்றங்களுக்காகச் சிறை சென்றார். 2020இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் சப்வே பிரெட்டில் சர்க்கரை மிகுதி என்பதால் வரிச் சட்டத்தின் கண்ணில் அது அன்றாட உணவுக்கான பிரெட் ஆகாது என்றது. மாவின் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை கூடாது என்பது சட்டம். சப்வே பிரெட்டில் 10 இருந்தது. பிறகு, சூரை மீன் உண்மையில் சூரைதானா என்று கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு. அது 2023இல் கைவிடப்பட்டது. இவையெல்லாம் பெயரைக் கெடுத்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற உணவு நிறுவனங்களும் இதைவிடப் பெரிய அவப்பெயர்களைக் கடந்து மீண்டிருக்கின்றன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடியதற்கு இது போதாது.

இரண்டாவது, நிறுவனம் பழமையில் தேங்கியது என்பது. 2019 நவம்பரில் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த ஜான் சிட்ஸி இந்தப் பார்வையின்படிதான் செயல்பட்டார். பர்கர் கிங்கின் முன்னாள் தலைவர் அவர். குடும்பங்களுக்கு வெளியிலிருந்து நிரந்தரப் பொறுப்புக்கு வந்த முதல் தலைவர். 2021இல் பொருட்களைப் புதுப்பித்தார். 2022இல் தயார்ச் சேர்க்கைகள் கொண்ட 12 சாண்ட்விச்சுகளை அறிமுகப்படுத்தினார். 2023இல் இறைச்சியைக் கடையிலேயே சீவும் முறையைக் கொண்டுவந்தார். கடைச் சராசரி உயர்ந்தது என்று நிறுவனம் பெருமைப்பட்டது.

அந்தப் பெருமையைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 2010களின் பிற்பகுதியில் சராசரி நான்கு லட்சத்துச் சொச்சம் டாலர். 2023இல் 4.9 லட்சம். இடைப்பட்ட காலத்தில், 2018க்கும் 2023க்கும் நடுவில் மட்டுமே, அமெரிக்க விலைவாசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. போதாததற்கு, மூடிய கடைகளில் பெரும்பாலானவை விற்பனை குறைந்தவை. கடைசி வரிசை மாணவர்களை வகுப்பிலிருந்து நீக்கினால் சராசரி மதிப்பெண் தானாக ஏறும். விலையேற்றத்தையும் இந்தக் கழிவையும் ஒதுக்கிவிட்டால் கடைக்கு வரும் உண்மையான வியாபாரம் பெரிதாக அசைந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது விளக்கம் கடைக்காரர்களுடையது: கடைகள் அளவுக்கு மீறி நெருக்கிக்கொண்டன, ஒரு சப்வேயின் வாடிக்கையாளரை இன்னொரு சப்வே பறித்தது. மூன்றில் இதுவே வலுவானது என்று கருதுகிறேன். விற்பனையில் பங்கு எடுப்பவருக்கு, ஒரே தெருவில் 4 லட்சம் விற்கும் இரண்டு கடைகள், 6 லட்சம் விற்கும் ஒரே கடையைவிட மேல். வாடகையும் கூலியும் கட்டுபவருக்கு அது நேர் தலைகீழ். முகவரின் வருமானமும் புதுக் கடைகளையே நம்பியிருந்ததால், நெரிசலைத் தடுக்க அந்த அமைப்புக்குள் எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதே முரண் தள்ளுபடியிலும் உண்டு. ஓரடி நீள ஃபுட்லாங் சாண்ட்விச்சை ஐந்து டாலருக்கு விற்கும் சலுகை தலைமையகத்தில் பிறந்ததல்ல. மயாமியின் மருத்துவமனை வளாகம் ஒன்றில் இரண்டு சிறு கடைகள் வைத்திருந்த ஒரு கடைக்காரர், வார இறுதியில் வெறிச்சோடும் கடைக்கு ஆள் வரவழைக்கக் கண்டுபிடித்த உத்தி அது. அவர் இடத்தில், அவர் கணக்கில், அது பலித்தது. 2008இல் அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தபோது விற்பனை எகிறியது. பிறகு பொருள் விலை ஏறியும் ஐந்து டாலர் என்ற எண் மக்கள் மனத்தில் அகலாமல் நின்றது. 2017 இறுதியில் 4.99 டாலர் சலுகையை மீண்டும் கொண்டுவர முயன்றபோது நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ரோர்க் வந்த முதல் கோடையிலேயே, 2024 ஆகஸ்டில், எந்த ஃபுட்லாங்கும் 6.99 டாலர் என்ற சலுகை வந்தது. அந்த 6.99இல் ராயல்டி 56 சென்ட், விளம்பர நிதி 31 சென்ட், ஆக 87 சென்ட் முதலிலேயே போய்விடும். பிரெட், இறைச்சி, பாலாடைக்கட்டி, கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் மீதி ஆறு டாலர் சொச்சத்துக்குள். சலுகையால் விற்பனை ஒரு டாலர் கூடினாலும் தலைமை நிறுவனத்துக்கு லாபம். கடைக்காரருக்கு அது லாபமா என்பது அந்த வாரக் கோழிக்கறி விலையைப் பொறுத்தது.

4. ராயல்டியை அடகு வைத்தல்

புதிய உரிமையாளரைப் பற்றிப் பொதுவெளியில் நடந்த விவாதம் பெரும்பாலும் போட்டிச் சட்டத்தைச் சுற்றியே இருந்தது. ரோர்க்கின் கையில் ஏற்கெனவே ஆர்பீஸ், ஜிம்மி ஜான்ஸ், மெக்அலிஸ்டர்ஸ் டெலி, ஷ்லாட்ஸ்கீஸ் போன்ற சாண்ட்விச் நிறுவனங்கள் இருந்தன. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆராய்வதாகச் செய்தி வந்தபோது செனட்டர் எலிசபெத் வாரன் அதை வரவேற்று, சாண்ட்விச் ஏகபோகம் வேண்டாம் என்றார். முடிவில் தடை ஏதும் வரவில்லை. வாரனின் கவலையில் நியாயம் உண்டு; ஆனால் அது விழுந்த இடம் சரியல்ல. சாண்ட்விச் வாங்குபவருக்கு வேறு கடை கிடைக்கும். வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சேமிப்பையெல்லாம் கடைக்குள் போட்டவருக்கு அப்படிப் போக்கிடம் இல்லை.

கவனிக்க வேண்டியது 2024 ஜூனில் நடந்தது. வாங்கி இரண்டு மாதம் ஆகுமுன் சப்வே 335 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை வெளியிட்டது. இவ்வகைப் பத்திரங்களில் அதுவரை வந்தவற்றிலெல்லாம் பெரியது அதுவே. அதே ஆண்டு இன்னொரு 230 கோடி. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் இப்படிக் கடனாகத் திரும்ப எடுக்கப்பட்டது. முழுத் தொழிலையும் ஈடாக வைக்கும் பத்திரமாக்கல் என்று இதை விளக்கலாம். நடைமுறை இதுதான்: சப்வே என்ற பெயர், கடை ஒப்பந்தங்கள், ராயல்டி வரவு எல்லாம் ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றப்படும். தாய் நிறுவனம் திவாலானாலும் அது பாதிக்கப்படாது. கடைகளிலிருந்து வரும் பணம் முதலில் பத்திரதாரர்களின் அறங்காவலர் கணக்குக்குப் போகும்; வட்டியும் தவணையும் போக மிஞ்சியது மட்டுமே உரிமையாளருக்கு. வரவு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் மிச்சப் பணமும் முடக்கப்படும். மேலும் இறங்கினால் முழு வரவும் அசலை அடைக்கத் திருப்பப்படும். அதற்கும் கீழே போனால் நிர்வாகமே வேறு கைக்கு மாற்றப்படலாம். டிஜிஐ ஃப்ரைடேஸ் உணவகத்துக்கு 2024 செப்டம்பரில் இது நேர்ந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அதன் கடைகளை நடத்திய நிறுவனம் திவால் மனு போட்டது.

சப்வே அந்த நிலையில் இல்லை. அமெரிக்கக் கடைகளின் மொத்த விற்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் என்றால் ராயல்டி மட்டுமே 80 கோடியை ஒட்டி வரும். வெளிநாட்டு வரவு தனி. வட்டி கட்ட இது தாராளம். இந்த ஏற்பாட்டின் ஆபத்து திவாலில் இல்லை. ராயல்டி விகிதத்தில் இனி கைவைக்க முடியாமல் போவதில் இருக்கிறது. குடும்பங்களின் கையில் இருந்தவரை, நலிந்த கடைகளுக்கு எட்டை ஆறாக்கலாம் என்று யாராவது ஓர் இரவில் முடிவெடுத்திருக்கலாம். டெலூக்கா அப்படிச் செய்யவில்லைதான். ஆனால் தடுப்பாரும் இல்லை. இப்போது அந்த எட்டு விழுக்காடு காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள் போன்ற முதலீட்டாளர்களுக்கு வாக்களிக்கப்பட்ட பணம். அதைக் குறைப்பதென்றால் கடன் விதிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சப்வேயை மீட்க வேண்டுமானால் கடைக்காரர் கையில் அதிகம் விட வேண்டும் என்பது என் கணிப்பு. அந்த வழியைத்தான் இந்தக் கடன் முதலில் அடைத்திருக்கிறது.

5. முன் நடந்தவை

முதலீட்டு நிறுவனம் வாங்கினால் உணவகம் அழியும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ரெட் லாப்ஸ்டரின் கதையை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 2014இல் கோல்டன் கேட் கேபிடல் அதை வாங்கி, கடை நிலங்களை விற்றுக் காசாக்கியது. தன் சொந்த இடத்திலேயே வாடகை கட்டிய நிறுவனம் 2024இல் திவாலானது. சப்வேக்கு இது பொருந்தாது. விற்பதற்கு அதனிடம் நிலமே கிடையாது.

டாமினோஸ் எதிர்ப்பக்கச் சான்று. 1998இல் பெய்ன் கேபிடல் வாங்கியது. 2007இல் இதே வகைப் பத்திரக் கடனை எடுத்தது. இன்று உலகின் மிகப் பெரிய பீட்சா நிறுவனம் அதுதான். ஆனால் கடைக்காரரின் லாபத்தை வெளிப்படையாக அளந்து, அதைத் தன் வெற்றியின் அளவுகோலாக முதலீட்டாளர்களிடமே சொல்லும் பழக்கம் டாமினோஸுக்கு உண்டு. கடன் இருந்தது, கணக்கு எதைப் பற்றியது என்ற தெளிவும் கூடவே இருந்தது.

சப்வேக்கு மிக நெருங்கிய உதாரணம் குவிஸ்னோஸ். அதுவும் சாண்ட்விச், அதுவும் சிறு கடைக்காரர்கள். 2007வாக்கில் ஏறத்தாழ 5,000 கடைகள் இருந்தன. 2006இல் முதலீட்டு நிறுவனம் ஒன்று உள்ளே வந்து, கடன் சுமை ஏறியது. குவிஸ்னோஸில் கடைக்காரர் பிரெட், இறைச்சி முதல் பொட்டலக் காகிதம் வரை நிறுவனத்தின் துணை விநியோகப் பிரிவிடமே வாங்க வேண்டும். நிறுவனம் அதிலும் லாபம் வைத்தது. விற்பனையில் ராயல்டி ஒரு பக்கம், கொள்முதலில் லாபம் மறுபக்கம். இரண்டு கைகளுக்கு நடுவில் கடைகள் நசுங்கின, வழக்குகள் வந்தன, ஆயிரக்கணக்கில் மூடின. 2014 மார்ச்சில் குவிஸ்னோஸ் திவால் மனு போட்டது.

சப்வேயிடம் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. பேசப்பட வேண்டிய அளவுக்கு அது பேசப்படவில்லை. 1996 முதல் சப்வே கடைகளுக்கான கொள்முதலை மயாமியைச் சேர்ந்த ஒரு கூட்டுறவு நிறுவனம் செய்கிறது. அதன் உரிமையாளர்கள் கடைக்காரர்களே. மாவும் இறைச்சியும் என்ன விலைக்கு வருகின்றன என்பதைப் பேரம் பேசுபவர்கள், அந்த விலையைக் கட்டப்போகிறவர்களின் ஆட்கள். குவிஸ்னோஸ் போன வழியில் சப்வே போகாமல் இருந்ததற்கு இந்த அமைப்பு முக்கியமான காரணம். ரோர்க்கின் இன்ஸ்பையர் பிராண்ட்ஸ் குழுமம் ஆர்பீஸ், டங்கின், சோனிக், ஜிம்மி ஜான்ஸ் என்று பெரிய கொள்முதல் வலுவோடு நிற்கிறது. சப்வேயின் கொள்முதலையும் அதோடு சேர்த்தால் விலை குறையும் என்ற யோசனை ஒருநாள் மேசைக்கு வரலாம். கோழிக்கறி நாலு காசு மலிவாகவும் கிடைக்கலாம். அதற்காகக் கூட்டுறவைக் கைவிட்டால் கடைக்காரர்கள் தங்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் ஆவார்கள்.

ரோர்க்குக்குச் சாதகமான சான்றையும் சொல்ல வேண்டும். வாங்கி, உரித்து, விற்று ஓடும் நிறுவனம் அல்ல அது. 2001இல் வாங்கிய கார்வெல் ஐஸ்கிரீமும் 2004இல் வாங்கிய சின்னபானும் இன்றும் அதனிடமே இருக்கின்றன. 2011இல் வென்டீஸிடமிருந்து நலிந்த நிலையில் எடுத்த ஆர்பீஸ் அதன் கையில் தேறியது. நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு, பாலைக் கறப்பவர் தீவனமும் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். 2025 ஜூலையில் ஜோனதன் ஃபிட்ஸ்பாட்ரிக்கைச் சப்வேயின் தலைமைக்கு அறிவித்தார்கள். ரோர்க் வளர்த்த டிரிவன் பிராண்ட்ஸ் என்ற வாகனப் பராமரிப்பு ஃபிரான்சைஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர்; அதற்கு முன் பர்கர் கிங்கில் இருந்தவர். ஃபிரான்சைஸ் நுட்பம் அறிந்த ஆள்தான்.

6. கழிக்கப்படுபவர்கள்

சிட்ஸி காலத்தில் தொடங்கி இப்போதும் தொடரும் ஒரு மாற்றம் உண்டு. ஒன்றிரண்டு கடைகள் வைத்திருப்போரைக் குறைத்து, பத்து, ஐம்பது, நூறு கடைகளை ஒருசேர நடத்தும் பெரிய குழுக்களிடம் ஒப்படைப்பது. வளர்ச்சி முகவர்களின் பங்குகளையும் விலை கொடுத்து முடித்து, அந்த அடுக்கைக் கரைத்தார்கள். முகவர் முறை போனது நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிறு கடைக்காரரையும் முகவரையும் ஒரே கூடையில் போட்டுக் கழிக்கக் கூடாது.

பெரிய குழுவால் மேலாளர் வைக்க முடியும், கடையைப் புதுப்பிக்க வங்கிக் கடன் வாங்க முடியும் என்பது உண்மை. இறைச்சி சீவும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2023இல் நிறுவனம் சுமார் 8 கோடி டாலர் செலவில் அதைக் கடைகளுக்குக் கொடுத்தது. இயந்திரம் இலவசம். காலையில் அதை இயக்கி, வான்கோழியும் பன்றிக்கறியும் சீவி அடுக்கி, பிளேடைக் கழற்றிக் கழுவி, விரல் போகாமல் மாட்டும் கூலி நேரம் கடைக்காரருடையது. முன்பு இவை சீவியே பையில் வந்தன. 20 கடைகள் வைத்திருப்பவருக்கு அது ஓர் அட்டவணை மாற்றம். குடும்பமே நடத்தும் கடையில் அது குடும்பத்தலைவியின் உறக்கத்தில் ஒரு மணி நேரம். கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய உணவுத் தொடர்களின் ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி. அது நியாயமான கூலிதான், ஊழியர்களும் ஏழைகள்தான். ஆனால் அந்தச் சுமை முழுவதும் கடைக்காரர் பங்கிலிருந்தே போகிறது. விற்பனையில் எடுக்கும் எட்டு விழுக்காட்டுக்குக் கூலி உயர்வு தெரியாது.

சப்வேயை விற்ற பணம் எங்கே போயிற்று என்பதையும் இங்கே சொல்வது பொருந்தும். பீட்டர் பக் 2021இல் இறந்தபோது சப்வேயில் தமக்கிருந்த பாதிப் பங்கைத் தம் குடும்ப அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். கல்வி, மருத்துவம், நிலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் அறக்கட்டளை அது. போற்ற வேண்டிய கொடை. எனினும் அந்தக் கொடையின் ஒவ்வொரு டாலரும் பிரெட் அடுப்பின் முன்னால் நின்றவர்களிடமிருந்து எட்டு விழுக்காடாக வந்தது. கைமாறிய விலையில் கடைக்காரர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை. பக்கின் மனம் பொதுநலத்தை நாடியது. அதன் வட்டத்துக்குள் இவர்கள் வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

7. வெளிநாட்டு எண்கள்

தலைமையின் வளர்ச்சிக் கணக்கு வெளிநாட்டை நம்பியிருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கடைகளுக்கு உறுதி வாங்கியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. 2023இல் சீனாவில் ஒரே கூட்டாளி 20 ஆண்டுகளில் 4,000 கடைகள் திறக்க ஒப்பந்தமானது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றுக்கும் 2021இல் எவர்ஸ்டோன் குழுமம் உரிமம் எடுத்து, பத்தாண்டில் 2,000 கடை என்று இலக்கு வைத்தது. 2001இல் டெல்லியின் சாகேத்தில் முதல் கடை வந்தபோது இருந்த சிறு கடைக்காரர் முறையின் மேல் இந்தியாவிலும் இப்போது பெரிய குழுமம் ஒன்று அமர்ந்திருக்கிறது. சென்னை மாலில் விற்கும் பனீர் சாண்ட்விச்சின் ராயல்டியும் அந்த வழியாகத்தான் மேலே போகிறது.

இந்த எண்கள் பார்வைக்குப் பெரியவை. ஆனால் உறுதிமொழி கடையாகாது. நடுவில் குழுமமும் பங்கு எடுப்பதால் ஒரு வெளிநாட்டுக் கடையிலிருந்து மேலே போய்ச் சேரும் ராயல்டி அமெரிக்கக் கடையுடையதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். வீட்டில் மூடும் ஒரு கடைக்கு ஈடாக வெளியே பல கடைகள் திறந்தாக வேண்டும்.

8. ஒப்பந்தம் முடியும் ஆண்டுகள்

சப்வேயின் கடை ஒப்பந்தம் 20 ஆண்டுக்கானது. கடைகள் வெள்ளமாகத் திறந்த காலம் 2000 முதல் 2012 வரை. ஆகவே அந்தக் கடைகளின் ஒப்பந்தங்கள் 2020 முதல் 2030களின் தொடக்கம் வரை அலையலையாக முடியும். ரோர்க் வாங்கிய நேரமும் பத்திரக் கடன் ஓடும் நேரமும் இந்த அலையோடு ஒன்றாக வந்திருக்கின்றன. எவ்வளவு தொழில்நுட்பம், எவ்வளவு விளம்பரம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். 55 வயதில் ஒரு கடைக்காரர் தன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இன்னும் 20 ஆண்டுக்குக் கையெழுத்திடுவாரா, கடையைப் பெரிய குழுவுக்கு விற்றுவிட்டுப் போவாரா, கதவை இழுத்துப் பூட்டிவிடுவாரா என்பதுதான் விற்பனை எண்ணிக்கையாகவும், கடைசியில் பத்திர வரவாகவும் மாறும்.

கடன் விதிகளை மீறாமலே ரோர்க் செய்யக்கூடியவை சில உண்டு. புதுப்பிக்கும் கடைகளுக்கு முதல் சில ஆண்டுகள் ராயல்டியில் ஒரு பகுதியைக் கடைச் சீரமைப்புக்கே திருப்பித் தரலாம். பத்திரதாரர்களின் கணக்கில் வரவு வரவாகவே இருக்கும். ரோர்க் தன் பங்காக மிஞ்சுவதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தேசிய அளவிலான தள்ளுபடிகளுக்கு முன் கடைக்காரர் சங்கத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். தள்ளுபடி விற்பனைக்கான ராயல்டியில் ஒரு பகுதியையும் அதே வழியில் திருப்பித் தந்தாலே அதை அளவோடு பயன்படுத்தும் ஒழுக்கம் தலைமையகத்துக்கு வந்துவிடும். டாமினோஸ் செய்வதுபோல் கடைக்காரரின் சராசரி லாபத்தை ஆண்டுதோறும் வெளியிடலாம். அதற்குச் செலவே இல்லை. இவற்றில் எதையும் செய்யாமல் பெரிய குழுக்களை மட்டும் நம்பினால், நூறு கடை வைத்திருக்கும் குழு நாளை இதே எட்டு விழுக்காட்டைப் பற்றி, வழக்கறிஞர்களோடு வந்து, சிறு கடைக்காரர்களைவிட உரத்த குரலில் பேரம் பேசும்.